மதுரை வெயிலில் நான்கு வருடமாக ஒரு ஃபியூஷியா

கொடைக்கானல் செடிக்கடையில் நின்றுகொண்டு எதிர்வீட்டு அக்கா நேற்று போன் செய்தார்: "நீ வைத்திருக்கிறாயே ஃபியூஷியா, ஒன்று வாங்கவா?" நான்கு வருடமாக அந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிறேன், ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை.

என் கோபமெல்லாம் "எதையும் தாங்கும் வகை" என்று சொல்லி எனக்கு விற்றார்களே, அந்தச் சொல்லின் மேல்தான். தாங்கும், ஆனால் தாங்குவது குளிரை. சிலி, அர்ஜென்டினாவின் தெற்குக் குளிர்ப் பகுதிகளில் பிறந்த செடி. இங்கிலாந்தில் உறைபனியில் தண்டு கருகினாலும் வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலில் வாசலுக்கு வாசல் செழிக்கும். மே மாதம் 40 டிகிரி அடிக்கும் மதுரையில்? விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

முதல் செடி செத்தது என் கையால். மதியம் இலை துவண்டது, தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் துவண்டது, மறுநாளும் ஊற்றினேன். பத்தாம் நாள் பிடுங்கினால் வேர் பழுப்பேறிக் கிடந்தது. விரலால் இழுத்ததும் தோல் உரிந்து, நூல்போல நரம்பு மட்டும் மிஞ்சியது. மண் ஈரமாக இருக்கும்போதே வெக்கையில் வாடும் செடி இது. அப்போது ஊற்றினால் வேர் அழுகும். நிழலுக்கு நகர்த்திவிட்டு, பொழுது சாய்ந்தபின் இலை நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிராவிட்டால் மண்ணுக்குள் விரல் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

இரண்டாவதை மாடியில் வைத்தேன். ஒரு கோடைகூடத் தாண்டவில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது. வேப்பமர நிழலில், காலை வெயில் மட்டும் படும் இடம். மண்தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர மணல். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் பாதி இலை உதிர்ந்துவிடும். ஐப்பசி மழை விழுந்ததும் கிளைகளை வெட்டிவிடுவேன். புதுத் தளிரில்தான் பூக்கும்.

மார்கழியில் மொட்டு ஜிமிக்கியாகத் தொங்கும். ஒருநாள் காலையில் சிவப்பு இதழ்கள் பின்னால் மடங்கி, உள்ளிருந்து கத்தரிப்பூ நிறப் பாவாடை விரியும். அதற்கும் கீழே நூல்நூலாய் மகரந்தக் காம்புகள். தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடித்துவிட்டுப் போகும். அந்த ஒரு நிமிடத்துக்காக வாசல் தெளிக்காமல் நின்றிருக்கிறேன்.

ஆறு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். மாசி வந்தால் மொட்டு விரியாமலே உதிரும். மற்ற பத்து மாதமும் காவல்தான்.

"வாங்காதீர்கள் அக்கா, நம் ஊருக்குச் செம்பருத்தியும் அரளியும் போதும்" என்றேன். "அப்படியானால் உன்னுடையதைக் கொடுத்துவிடேன்" என்றார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். போன வாரம் வெட்டிய கிளையில், கணுவுக்கு இரண்டாகச் செந்தளிர் விட்டிருக்கிறது.