லட்லோவில் குழுவாகத் தங்க வீடு எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1,840 பவுண்டு போய்விட்டது. பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக் கொடுத்த பணம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரில் உள்ள லட்லோவில், செப்டம்பர் உணவுத் திருவிழாவுக்காக வெள்ளி, சனி இரண்டு இரவுக்கு வாடகை 1,540. சேதாரத்துக்கு முன்பணம் 300. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் இன்னொரு குழு மாட்டிவிடும்.

இதுபோன்ற சந்தை ஊர்களைத்தான் போலி வாடகை விளம்பரம் போடும் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். ஊர் சின்னது, விடுதிகளும் சின்னவை. பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தங்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1995-ல் தொடங்கிய அந்தத் திருவிழா கோட்டைக்குள் நடக்கும் வார இறுதியில் அவையும் கிடைக்காது. தேதியை மாற்ற முடியாத குழு, மொத்தப் பணமும் ஒருவர் கையில். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

விடுமுறை வீடுகளைப் பட்டியலிடும் ஓர் இணையதளத்தில்தான் விளம்பரம் இருந்தது. 'உரிமையாளர்' அவராகவே போன் செய்தார். அவசரப்படுத்தவில்லை, பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. காசில் ஸ்கொயரில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும், சனிக்கிழமை சீக்கிரம் போய்விடுங்கள் என்றார். பிராட் ஸ்ட்ரீட்டில் காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், சாமானை இறக்கிவிட்டு கால்டிஃபோர்ட் கார் பார்க்கில் விடுங்கள் என்றார். டின்ஹாம் பாலத்திலிருந்து டீம் ஆற்றோரம் பிரட் வாக் பாதையில் நடந்தால் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றார். எல்லாமே உண்மையான தகவல். ஊரை இவ்வளவு தெரிந்தவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்று நம்ப வைத்தது அந்தப் பேச்சுதான். இன்று யோசித்தால், அதில் வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு விஷயம்கூட இல்லை. எல்லாம் சுற்றுலாப் பக்கங்களில் கிடைப்பவை.

பிறகு அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே, தளத்தின் சின்னத்தோடு பில் வந்தது. கட்டணம் வங்கிப் பரிமாற்றம் மட்டும். வங்கிச் செயலியில் பெயர்ச் சரிபார்ப்பு பச்சை காட்டியது. பில்லில் இருந்த கம்பெனிப் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றேதான். இதை நன்றாகக் கவனியுங்கள்: கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் பச்சை சொல்லும். வீடு யாருடையது என்று சொல்லாது.

கதவுக்கு இடப்பக்கம், தபால் துவாரத்துக்குக் கீழே சாம்பல் நிறச் சாவிப்பெட்டி, நான்கு இலக்க எண் என்று அவர் அனுப்பிய பிடிஎஃப்பில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் காலணிச் சேறு துடைக்கும் பழைய இரும்புத் தகடு மட்டும்தான் இருந்தது. கதவைத் திறந்தது அங்கேயே குடியிருக்கும் குடும்பம். படங்கள், அந்த வீடு முன்பு விற்பனைக்கு வந்தபோது எடுத்தவையாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். தளத்தின் சாட்டில், "எங்கள் அமைப்புக்கு வெளியே பணம் கட்டியிருக்கிறீர்கள்" என்றார்கள். பில் உங்கள் பெட்டிக்குள்தானே வந்தது என்று கேட்டதற்கு, "விளம்பரத்தை நீக்கிவிட்டோம், நன்றி." விளம்பரத்தோடு மொத்த உரையாடலும் காணாமல் போனது. வங்கியோ, "உண்மையான கம்பெனிக் கணக்கு என்பதால் இது உங்கள் இருவருக்கும் இடையிலான வணிகத் தகராறு" என்கிறது. இல்லாத வாடகைக்கு 1,840 பவுண்டு வாங்கியது தகராறா? 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றி அனுப்ப வைத்த உள்நாட்டுப் பரிமாற்றங்களை 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அதில் 100 வரை பிடித்துக்கொள்ளலாம். 'தகராறு' என்று முத்திரை குத்திவிட்டால் இந்த விதி பொருந்தாது, அதனால்தான் அந்த வார்த்தை. எழுத்தில் புகார் கொடுத்து இறுதிப் பதிலை வாங்குங்கள். அது கிடைத்த 6 மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் (Financial Ombudsman) இலவசமாகப் போகலாம். நாங்கள் அங்கேதான் போகிறோம்.

விரிவான வழிகாட்டி எழுத இப்போது தெம்பில்லை. முக்கியமானவை மட்டும்:

வீட்டுக்காரருக்கோ ஏஜென்சிக்கோ நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, விலை 100-க்கு மேல் 30,000 வரை இருந்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணம் மட்டும் கார்டில் கட்டினாலும் முழுத்தொகைக்கும் செல்லும். இடையில் ஒரு தளம் பணத்தை வாங்கினால் இதில் சிக்கல் வரும்.

நிலப் பதிவகத்தில் (HM Land Registry) 7 பவுண்டு கட்டினால் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெயர் பில்லில் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

வீடியோ அழைப்பில் வீட்டுக்குள்ளிருந்து சன்னல் வழியே தெருவைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

உரையாடலை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பங்குப் பணம் யார் யார் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்க முடிவது கட்டியவரால் மட்டும்தான்.

சந்தேகம் வந்த நிமிடமே 159-க்கு அடியுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு நேரே இணைப்பு கிடைக்கும்.