சொட்டுச் சொட்டாக ஆயில் விடும் செயின்சா: ஆறு வருட அனுபவம்

2018 நவம்பர் 16, கஜா அடித்து ஓய்ந்த காலையில் பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரம் அறுக்கும் ஆட்களுக்கு அப்போது இருந்த கிராக்கியில் நம் முறை வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும் போலிருந்தது. சரி, நாமே அறுத்துக்கொள்வோம் என்று 58 சிசி பெட்ரோல் செயின்சா ஒன்றை வாங்கினேன். 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), கையில் தூக்கினால் ஆறேழு கிலோ. பிராண்டுப் பெயர் வாயில் நுழையாத சீனத்துச் சரக்கு.

அந்த மூன்று மாதம் அது உழைத்த உழைப்புக்குக் குறை சொல்ல முடியாது. தொல்லை ஆரம்பித்தது வேலை முடிந்து ஓரமாக வைத்த பிறகுதான். ராத்திரி திண்ணையில் வைத்தால் காலையில் சிமெண்ட் தரையில் தோசைக்கல் அளவுக்கு ஆயில் வட்டம். செயின் தேயாமல் ஓடத் தனி டாங்கியில் ஊற்றும் ஆயில்தான் அது. அம்மா சாம்பலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இதை மாட்டுக் கொட்டகையில கொண்டு போய் வைடா" என்பார். மூடியை இறுக்கினேன், வாஷர் மாற்றினேன், மூடியில் நூல் சுற்றிக்கூடப் பார்த்தேன். வட்டம் குறையவே இல்லை.

பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "முதல்ல கவரைக் கழட்டித் தொடைச்சிட்டு வாங்கண்ணே, அப்புறம் லீக்கைப் பேசலாம்" என்றார். செயின் பக்கத்துக் கவரைக் கழற்றினால் உள்ளே ஈரத் தும்பும் மரத்தூளும் அப்பிக்கிடந்தன. தென்னையை அறுத்தால் நார் நாராகத்தான் வரும். அது ஆயிலைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சொட்டும். பாரின் பள்ளத்தில் மீந்திருக்கும் ஆயிலும் இறங்கும். அதோடு மெஷின் சூடாக இருக்கையில் டாங்கிக்குள் காற்று விரிந்து, ஆயிலைப் பம்ப் வழியாக வெளியே தள்ளும். இது எதுவுமே பழுது இல்லை. எந்தச் செயின்சாவும் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஆயில் மூடியை ஒரு தடவை திறந்து காற்றை விட்டு மூடுவேன். கவரைக் கழற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ப்பேன். தோசைக்கல் வட்டம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்துவிட்டது.

நிஜமான லீக் 2021-ல் வந்தது. இந்தத் தடவை ஒரே ராத்திரியில் டாங்கி பாதி காலி. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: பாரையும் செயினையும் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, டாங்கியை நிரப்பி, அட்டை மேல் வைத்துவிட வேண்டும். மூடிக்கு நேர் கீழே கறை விழுந்தால் வாஷர். கிளட்ச் பக்கம் விழுந்தால் பம்ப், அல்லது டாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் டியூப். எனக்கு டியூப்தான். டாங்கிச் சுவருக்குள் நுழையும் இடத்தில் முறுக்குப் போல விறைத்து, நகத்தால் அழுத்தியதும் வெடிப்பு வாய் திறந்தது. டியூப் விலை அற்பம், மாற்றத்தான் அரை நாள்.

லீக்கை விட மோசம் ஆயில் வராமல் இருப்பது. வெள்ளை அட்டைக்கு முன்னால் பார் நுனியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையா, பாரில் உள்ள ஆயில் துளையைக் கம்பி விட்டுக் குத்துங்கள். தரையில் கறையே இல்லையென்று நான் சந்தோஷப்பட்ட ஒரு வாரத்தில், ஆயில் இல்லாத சூட்டில் பார் நீலம் பாரித்துப்போனது.

ஆயில் விஷயத்தில் பலரும் ஊற்றுவது வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயில். வேண்டாம். அதில் இரும்புப் பொடி இருக்கும், பம்பைத் தின்னும், தோலுக்கும் கெடுதல். செயின் ஆயில் கிடைக்காதபோது நான் புது 20டபிள்யூ40 இன்ஜின் ஆயில் ஊற்றுகிறேன். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் என்ன என்று மைத்துனர் கேட்டார். மார்கழியில் குளிக்க எடுக்கும்போதே பாட்டிலைத் தட்ட வேண்டியிருக்கிறது, பம்ப் என்ன செய்யும்?

இதையெல்லாம் செய்தபிறகுதான் உறைத்தது: எனக்கு இவ்வளவு பெரிய மெஷினே தேவையில்லை. புயல் வேலை முடிந்தபின் வருடத்துக்கு நாலைந்து தடவை, விறகுக்கும் வேலியோரக் கிளைக்கும்தான் எடுக்கிறேன். பெட்ரோல் மெஷினுக்குச் சும்மா கிடப்பதுதான் பெரிய நோய். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் உள்ளே நின்றால் ஈரம் இழுத்து கார்ப்பரேட்டர் ரப்பர் கெடும். கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் போகும்.

2022-ல் 2000 வாட், 16 இன்ச் கரண்ட் செயின்சா வாங்கினேன். வீட்டைச் சுற்றிய வேலைக்கு இதுவே போதும். முதலில் மெல்லிய வயரை நாற்பது மீட்டர் இழுத்து ஓட்டியதில் மோட்டார் சுட்டுவிட்டது, 2.5 ஸ்கொயர் எம்எம் வயருக்கு மாறியதும் சரியானது. மழை ஈரத்தில் தொடுவதில்லை. தோப்பின் கடைசி வரை வயர் எட்டாது என்பவர்கள் பேட்டரி மெஷினைப் பார்க்கலாம். கைக்கு அடக்கமான மினி மெஷின் மட்டை கழிக்கத்தான், கட்டைக்கு ஆகாது.

கரண்ட் மெஷினும் சொட்டுகிறது, பெட்ரோலை விடக் கூடவே. நான் இப்போது மல்லுக்கு நிற்பதில்லை. வேலை முடிந்ததும் டாங்கி ஆயிலைப் பாட்டிலில் கவிழ்த்துவிட்டு, அடியில் அட்டை போட்டு வைத்துவிடுகிறேன்.

58 சிசியை விற்கவில்லை. பெட்ரோல் வடித்துக் கொட்டகையில் கிடக்கிறது. ஐப்பசி பிறந்ததும் புதுப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஒரு தடவை கிளப்பி, அட்டையில் கோடு விழுகிறதா என்று பார்த்துவிடுவேன்.