மேற்கு ஜன்னலுக்குத் திரைத் துணியா, மூங்கில் தட்டியா?

பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறை ஜன்னல் மேற்கே பார்த்தது. சித்திரையில் மதியம் 3 மணிக்கு மேல் கட்டிலில் கை வைக்க முடியாது. முதலில் கனத்த திரைத் துணிதான் போட்டோம். வெளிச்சம் நின்றது, சூடு நிற்கவில்லை. கண்ணாடி தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு துணி தடுத்து என்ன பயன்?

அப்புறம் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே நின்றுவிடுகிறது, இடுக்கு வழியே காற்றும் வருகிறது. மாட்டுவதுதான் பாடு. துணிக்கு ஒரு கம்பி, 2 பிராக்கெட் போதும். தட்டிக்குச் சன்ஷேடின் அடியில் துளை போட்டுக் கொக்கி இறக்க வேண்டும். ஜன்னலைவிட இருபுறமும் அரையடி அகலம் கூட்டி வாங்குங்கள்; இல்லாவிட்டால் சாய்ந்த வெயில் ஓரத்தில் புகுந்துவிடும். கீழ்முனையை ஜன்னல் கம்பியோடு கட்டியே ஆக வேண்டும். நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஆனிக் காற்று ஒரே ராத்திரியில் தட்டியைச் சுவரில் அடித்தடித்து, விடிந்து பார்த்தால் குச்சிகள் நூலை விட்டு உதிர்ந்து கிடந்தன.

தென்காசிப் பக்கம் சாரலில் நனைந்தால் மூங்கில் பூஞ்சை பிடிக்கும். துணியென்றால் துவைத்துப் போடலாம். கிழக்கு, வடக்கு ஜன்னலுக்கு துணியே போதும். மேற்குக்கு என் ஓட்டு தட்டிக்குத்தான். ஆனால் ராத்திரி விளக்கு போட்டால் தட்டி வழியே தெருவுக்கே வீடு தெரியும், அதனால் பழைய துணியையும் கழற்றவில்லை.