கரியா, சாம்பலா? பிக்கப்பின் டிபிஎஃப் அடைத்தால் எந்த வழி எடுபடும்

பினாங்குத் தீவுக்குள்ளேயே ஓடும் பிக்கப்புக்கு நெடுஞ்சாலை என்பது தீபாவளிக்குத் தீபாவளி பார்க்கும் தூரத்து உறவு. எனக்கு ஜெலுத்தோங்கில் சமையல் கூடம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள், ஜார்ஜ்டவுன் அலுவலகங்கள், ஆயர் ஈத்தாம் பக்கம் விசேஷ வீடுகள் என்று சாப்பாடு கொண்டுபோய் இறக்குவதுதான் வண்டிக்கு வேலை. ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் நெரிசலில் அரை மணி நேரம் நிற்கும். எஞ்சின் சூடேறுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

டிபிஎஃப் அடைப்பைச் சொல்லும் மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தது ஒரு தைப்பூசத்தன்று. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். மோர் வைத்த குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும் என்று இன்வெர்ட்டரைப் பிக்கப் பேட்டரியில் மாட்டி, எஞ்சினைக் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தோம். மத்தியானம் பார்த்தால் டேஷ்போர்டில் புள்ளி புள்ளியாக ஒரு பெட்டி படம். விளக்கம் தேடி மேனுவலைத் திறந்தது, வண்டி வாங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான்.

டிபிஎஃப் என்பது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் பீங்கான் தேன்கூடு. ஒரு குழாயின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் மூடியிருக்கும். பக்கத்துக் குழாய் அதற்கு நேர்மாறு. அதனால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியே போக முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும். 2000-இல் பியூஜோ 607 காரில் இதைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். சேர்ந்த கரியை எரிக்க இரண்டு வழி உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும்போது புகைக்குழாய்ச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரியும். அது போதாவிட்டால் எஞ்சின் கணினியே கூடுதல் டீசலைத் தெளித்து, ஃபில்டரை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எரிக்கும். இதற்குப் பத்து முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். தெளித்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். என் வண்டியில் ஆயில் குச்சியின் மேல் கோட்டையும் தாண்டி ஆயில் ஏறியிருந்தது. குடிக்கும் வண்டி தெரியும், தானாக ஆயில் ஊறும் வண்டியை அன்றுதான் பார்த்தேன்.

விளக்கு எரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூன்று வருடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. மலேசியாவில் ஓடும் எல்லா பிக்கப்பிலும் டிபிஎஃப் கிடையாது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த இடத்தில், கரியைப் பிடித்து வைக்காத வெறும் கேட்டலிஸ்ட்தான் இருக்கும். ஆகவே முதலில் உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள்.

செலவில்லாத வழி நெடுஞ்சாலை ஓட்டம். "செலவில்லாத" என்று சொன்னேனே தவிர, 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குத் தாவிய பிறகு அப்படிச் சொல்ல வாய் கூசுகிறது. தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் இரண்டாம் பாலம் ஏறி, பத்து காவான் வழியாக நெடுஞ்சாலை பிடித்துத் தைப்பிங் போய்த் திரும்ப 180 கிலோமீட்டருக்குக் குறையாது. 16 லிட்டர் குடித்தால் அந்த விலையில் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்) மேல், டோல் தனி. பாலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே 80-க்கு மேல் போகக்கூடாது, முன்னால் ஒரு லோரி போனால் அதுவும் இல்லை. ஜாவி தாண்டிய பிறகு சாலை திறந்துகொள்ளும். கியரைக் கொஞ்சம் கீழே வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலேயே பிடித்து, அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்ட வேண்டும். பசியாற நடுவில் நிறுத்தலாம் என்று தோன்றும். தைப்பிங் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எனக்கு இது அழகாக வேலை செய்தது, விளக்கு அணைந்தது. இரண்டாவது தடவையும்தான். மூன்றாவது முறை தைப்பிங்கிலிருந்து திரும்பிய மறுவாரமே விளக்கு வந்துவிட்டது. விளக்கு நிலையாக எரியும்வரை மட்டும்தான் இந்த வழி. அது மின்னத் தொடங்கி, கூடவே எஞ்சின் விளக்கும் வந்து, வண்டி வேகம் எடுக்க மறுத்தால் நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. அந்த நிலையில் கணினி கரியை எரிக்கச் சம்மதிக்காது. டேங்கில் டீசல் அடிமட்டத்தில் இருந்தாலும் பல வண்டிகள் எரிக்காது. இது தெரியாமல் காலி டேங்கோடு கிளம்பி, வீணாக ஊர் சுற்றி வந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒருவரை மிக நன்றாகத் தெரியும்.

டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீரியம், இரும்பு கலந்தவை கரி எரியத் தேவையான சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. நெடுஞ்சாலை ஓட்டத்தோடு சேர்த்தால் உதவும், நகரத்துக்குள்ளேயே சுற்றினால் உதவாது. அந்த உலோகமும் கடைசியில் சாம்பலாக ஃபில்டரில்தான் தங்கும்.

அடுத்தது பட்டறையில் ஸ்கேனர் மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தே கட்டாயமாக எரிப்பது. நெடுஞ்சாலை ஓட்டமும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே கரியை எரிக்கும். கடை வாடிக்கையை விட்டுத் தைப்பிங் போக நேரமில்லாதவருக்கு இது வசதி. ஆனால் நிற்கும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று வராது. அடியில் அவ்வளவு சூடு, மேலே முழு வேகத்தில் கத்தும் ஃபேன். புல் மேல், அட்டை மேல் நிறுத்தி இதைச் செய்ய விடாதீர்கள். கரி அளவு மீறிச் சேர்ந்திருக்கும்போது பற்றவைத்தால் ஒரேயடியாக எரிந்து பீங்கானே வெடித்துப் போகலாம். அதனால்தான் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் கம்பெனி ஸ்கேனர்கள் மறுத்துவிடும். அந்த மறுப்பைச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நான் தீவில் ஒரு பட்டறையில் இரண்டு முறை இப்படிச் செய்தேன். இரண்டாவது முறை எட்டே நாள்தான் தாங்கியது. மூன்றாவது முறைக்கும் அதே விலை சொன்னார்கள். ஏன் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்று கேட்டதற்கு, "டீசல் சரியில்லை" என்று பதில். சரி, எல்லோரும் அதே டீசல்தானே போடுகிறோம்?

அக்கரையில், பிறை என்ற ஊரில் இருக்கும் ஒரு ஃபோர்மேனிடம் (மெக்கானிக்) கொண்டுபோனேன். சின்ன வயது, பேச்சு குறைவு. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைத் திரையில் பார்த்தார். பூஜ்யம். "அப்போ சென்சார் பொய் சொல்லல" என்றார். எஞ்சின் ஓடாதபோது பூஜ்யம் காட்டாவிட்டால் கோளாறு சென்சாரில் இருக்கலாம். அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும், சூட்டில் உருகியிருந்தாலும் கணக்கு தவறும். நல்ல ஃபில்டரைக் கழற்றிப் போட்டு ஏமாறுவது இப்படித்தான். அடுத்து எஞ்சினைச் சூடாக்கி, சுற்றை ஏற்றிப் பார்த்தார். கணினியின் கணக்கில் கரி குறைவாகத்தான் இருந்தது, அழுத்தமோ எகிறியது.

"அண்ணே, கரியெல்லாம் எரிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறது சாம்பல். அடுப்புச் சாம்பல மறுபடி கொளுத்தினா எரியுமா? நீங்கதான சமையல்காரரு, சொல்லுங்க."

இருபது வருடமாக அடுப்பைப் பார்க்கிறவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. சாம்பல் டீசலிலிருந்து வருவதைவிட எஞ்சின் ஆயிலிலிருந்துதான் அதிகம் வருகிறது. ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து மிஞ்சுவது அது. எந்தச் சூட்டுக்கும் போகாது. 160,000 கிலோமீட்டர் ஓடிய என் வண்டியில் அது நிரம்பிக்கொண்டே வந்திருக்கிறது. கரிக்கு இடம் சுருங்கச் சுருங்க, எரிக்கும் முறையும் அடிக்கடி வந்திருக்கிறது. முதலில் மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனதற்குக் காரணம் இதுதான்.

சாம்பலுக்கு இரண்டே வழி: கழற்றிக் கழுவுவது, அல்லது மாற்றுவது. கழுவுவதற்கு என் வாக்கு, ஆனால் எப்படிக் கழுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு. கார் கழுவும் கடையில் உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சுவதைக் கழுவல் என்று சொல்கிறவர்கள் உண்டு. தவறான பக்கத்திலிருந்து அடித்தால் சாம்பல் குழாயின் அடியில் போய்க் கெட்டியாகும். விலை உயர்ந்த பிளாட்டினம் பூச்சும் அடிபடலாம். ஃபோர்மேன் அனுப்பிய கடை புக்கிட் மெர்தாஜாமில். அங்கே தவுக்கே (கடை முதலாளி) முதலில் ஃபில்டரைத் தராசில் வைத்தார். அப்புறம் காற்றோட்டத்தை அளந்து எழுதினார். பிறகு சூளையில் மெதுவாகச் சூடேற்றி மிச்சக் கரியை எரித்து, ஆறவிட்டு, புகை வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றையும் மருந்துத் தண்ணீரையும் திருப்பிச் செலுத்தி, உலர்த்தி, மறுபடி எடை, மறுபடி காற்றோட்டம். இரண்டு தாளையும் கையில் கொடுத்தார். வேறெதுவும் கேட்காவிட்டாலும் அந்த முன்–பின் அளவைக் கேளுங்கள். அதைக் காட்டாத கடையில், கழுவினார்களா துடைத்தார்களா என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. கழுவி மாட்டியதும் கணினியில் இருக்கும் சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான ஃபில்டரையும் அது அடைத்ததாகவே நினைக்கும். இதே வசதியை வைத்து, ஃபில்டரைத் தொடாமலே கணக்கை மட்டும் அழித்து, விளக்கை அணைத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சில நாள் வண்டி மகிழ்ச்சியாக ஓடும்.

கழுவுவதில் இருக்கும் குறை, வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கும். பீங்கான் ஏற்கெனவே உருகியிருந்தாலும் வெடித்திருந்தாலும் கழுவியும் பயனில்லை. வால்குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்பாகக் கரி ஒட்டினால் ஃபில்டர் உடைந்து கரி தப்பித்து வருகிறது என்று பொருள். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதில் அசல் கம்பெனிப் பொருள் பல ஆயிரம் வெள்ளி கேட்கும், உத்தரவாதத்தில் இல்லாத வண்டிக்கு அது மனசை ஒடிக்கும் தொகை. வெளிச்சந்தைப் பொருள் மலிவு. மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே பூசிய உலோகத்தைக் குறைத்திருப்பது. பூச்சு குறைந்தால் எரிப்பது கடினம், எரிக்கும் முறை அடிக்கடி வரும், ஆயிலும் சீக்கிரம் கெடும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடையில் கழற்றி வைத்த பழைய ஃபில்டர் மூன்றாவது வழி. அதை நான் தொடமாட்டேன். எத்தனை கிலோமீட்டர் சாம்பல் உள்ளே இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு என் சொந்தச் சாம்பலைக் கழுவிக்கொள்வேன்.

நான் செய்து பார்க்காத அந்த ஒன்று, உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டுக் கணினியை மாற்றி எழுதுவது. இதைச் சொல்லாத பட்டறை குறைவு. ஒருமுறை செலவு, பிறகு விளக்கே வராது என்பார்கள். வராதுதான். 1996-ஆம் ஆண்டு டீசல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளில் புகை அளவு 50 எச்எஸ்யூ-வை (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்று இருக்கிறது. குடைந்த வண்டி நல்ல நிலையில் இருந்தால் அந்தச் சோதனையில்கூடத் தப்பிவிடலாம். ஆக, பிடிபடுவீர்கள் என்று உங்களைப் பயமுறுத்தி நிறுத்த எனக்கு வழியில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. நான் பள்ளிக்கூட கேண்டீன் வாசலில் வண்டியை நிறுத்தி இட்லிப் பானையை இறக்குகிறவன். அந்தப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே புகைக்குழாய்.

ஓட்டுகிறவன் மேலேயே பழியைப் போடுவதும் நியாயமில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளின் டிபிஎஃப் அமைப்பில் குறை இருந்தது என்று 2022-இல் அந்த நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். நீங்களே அழுத்தி எரிக்கும் பொத்தான் அங்கே பிற்பாடு வந்தது. அந்தப் பொத்தான் இருக்கும் பிக்கப்பும் இல்லாததும் முன்னால் நின்றால், நகரத்துக்குள் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு முன்னதை எடுக்கலாம்.

கழுவிய பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். ஆயிலில் குறைந்த சாம்பல் வகை: டின்னில் ஏசிஇஏ சி3 அல்லது ஜப்பானிய வண்டிகளுக்கு ஜேஏஎஸ்ஓ டிஎல்-1 என்று போட்டிருக்கும், மேனுவல் எதைச் சொல்கிறதோ அது. முன்பு கிடைத்த மலிவு ஆயிலை ஊற்றியவன் நான்தான், அந்தச் சாம்பலில் பாதி என் பணம். டீசலில் கந்தகத்தைப் பற்றி இப்போது கவலை குறைவு. 2021 ஏப்ரல் முதல் இங்கே யூரோ 5 டீசல்தான், கந்தகம் 500 பிபிஎம்மிலிருந்து (பத்து இலட்சத்தில் 500 பங்கு) 10-க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது, காய்கறி வாங்கும் வேலையை வாரம் ஒருமுறை நெடுஞ்சாலை ஏறிப் போகும் சுங்கைப்பட்டாணிக்கு மாற்றிக்கொண்டேன். எரிக்கவும் ஆயிற்று, சரக்கும் ஆயிற்று.

விளக்கு முதல் தடவை வந்த புது வண்டியென்றால் தைப்பிங் போய்வாருங்கள், வேறெதற்கும் காசு கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலை போக முடியாத அளவுக்கு வேலை என்றால் கட்டாய எரிப்பு, ஒரே ஒரு முறை. அதே விளக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பினால் இரண்டாவது எரிப்புக்குக் கொடுக்கும் பணத்தை அழுத்தம் பார்ப்பதற்கும், இன்ஜெக்டர், இஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), தெர்மோஸ்டாட் பார்ப்பதற்கும் கொடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது, பிறகு எரிப்பதும் நடக்காது. ஒரு இலட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி என்றால் கழுவுவதற்கு இப்போதே ஒரு கடையைப் பார்த்து வையுங்கள்.

எங்கள் பந்தலில் இந்த வருடம் தைப்பூசத்துக்குச் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பிக்கப் நாள் முழுக்க அணைந்தே நின்றது. மோர் மட்டும் போன வருடத்தைப் போலவே பதினோரு மணிக்கெல்லாம் தீர்ந்துபோனது.