சிர்க்கலாய் கரைக்க வாங்கிய பிஎஃப்ஏ பீக்கர்: எட்டு மாதம் புழங்கிய பிறகு

அணு உலை எரிபொருள் மறுசெயலாக்கத்துக்கான கரைப்புச் சோதனைகளைக் கதிரியக்கம் இல்லாத மாதிரிகளில் செய்து பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் சிர்க்கலாய்-4 என்ற சிர்க்கோனியம் உலோகக் கலவை. யுரேனியம் ஆக்சைடு வில்லைகளை அடைக்கும் குழாய்கள் இதில் செய்யப்படுபவை. சூடான நைட்ரிக் அமிலத்தில் வில்லை கரைந்துவிடும், குழாய்த் துண்டு அசையாது. ஆலைக்கு அது வசதி: எரிபொருள் கரைசலாகப் போய்விடும், வெறும் கூடு மிஞ்சும். ஆனால் அந்தக் கூட்டில் தகரம் 1.5 சதவீதம் வருகிறதா என்று அளக்க வேண்டுமென்றால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இல்லாமல் முடியாது. அது கண்ணாடியை அரித்துவிடும். அதனால்தான் பிஎஃப்ஏ என்ற, இந்த அமிலம் அரிக்காத பிளாஸ்டிக்கில் செய்த இந்த 60 மில்லி பீக்கர், திருகு மூடியோடு.

முன்பு வெள்ளை டெஃப்லான் பீக்கர் வைத்திருந்தேன். உள்ளே நடப்பது தெரியாது, மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இந்த அமிலத்தின் ஆவி வரும் பாத்திரத்தை அப்படித் திறப்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பிஎஃப்ஏ வழியே மங்கலாகத் தெரிகிறது, அது போதும். சிர்க்கலாய்ச் சீவலைச் சுற்றிக் குமிழ்கள் பொங்குவது, பிறகு அடங்குவது, அடியில் கறுப்புத் தூள் கொஞ்சம் மிஞ்சுவது, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டதும் அதுவும் மறைந்து கரைசல் தெளிவது எல்லாம் மூடி திறக்காமலே கண்ணில் படுகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. சூடு மெதுவாகத்தான் ஏறும், ஹாட் பிளேட்டில் காட்டும் அளவை நம்பக் கூடாது. 260 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள், நான் 120ஐத் தாண்டியதில்லை. அப்படியும் ஐந்தாவது மாதத்தில் அடிப்பாகம் லேசாக உப்பி, பீக்கர் ஆட ஆரம்பித்தது. அமிலம் இருக்கும் பாத்திரம் ஆடுவது சின்ன விஷயமில்லை. இப்போது குழி வெட்டிய கிராஃபைட் கட்டையில்தான் வைக்கிறேன். மூடியும் சூட்டில் தளர்கிறது, ஆறியதும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

அப்புறம், சுவரில் பழைய மாதிரியின் சுவடு தங்கும். தகரம் அதிகமுள்ள மாதிரிக்குப் பிறகு மாதிரி எதுவும் போடாத வெற்றுக் கரைசலிலேயே தகரம் காட்டியது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு சூடாக வைத்த பிறகுதான் போனது.

வாங்குகிறவர்கள் கால்சியம் குளுக்கோனேட் களிம்பையும் சேர்த்து வாங்கிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இந்த அமிலம் பட்டதும் வலிக்காமலே இருக்கலாம், உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, களிம்பைத் தடவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து 120 மில்லி அளவில் இரண்டு வாங்கப் போகிறேன், கூடுதல் மூடிகளோடு.