டாங்க்வா காருவில் டியூப்லெஸ் டயர்: நான்கு பருவங்களுக்குப் பிறகு

ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் ‘டூவல்கி’ என்று பயமுறுத்துவது வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். மஞ்சள் பூ பார்க்க அழகு. காய் காய்ந்து ஐந்து துண்டாக உடையும். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்தே நிற்கும். டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வறண்ட காரு பக்கம் சைக்கிள் கொண்டுபோகிற நம்மவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். ஆனால் டயரைக் கெடுப்பது பெரும்பாலும் நெருஞ்சி அல்ல, காய்ந்துபோன சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் திரவம்.

சீரிஸிலிருந்து கால்வினியாவுக்கு ஆர்355 சாலையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நடுவில் ஊர் கிடையாது. காருபூர்ட்டை ஒட்டித் தார் முடிந்துவிடும், கைப்பேசிச் சிக்னலும் அதோடு பெரும்பாலும் போய்விடும். மூட்டையோடு ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது நல்லது. மண்சாலையின் வரிவரியான மேடுபள்ளம் வேகத்தை 12, 13-க்குமேல் ஏறவிடாது. ஏப்ரல், மே அல்லது ஆகஸ்ட், செப்டம்பர் பரவாயில்லை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது வேண்டவே வேண்டாம்.

சக்கரம் 29 அங்குலம், டயர் 2.25 அங்குலம், தண்ணீர் நீங்கலாகச் சுமை 18 கிலோ. பின்னால் 30 பிஎஸ்ஐ, முன்னால் 25. இதற்குமேல் காற்றடித்தால் கை மரத்துப்போகும். குறைத்தால் கல்லில் இடித்து ரிம் நசுங்கும்.

டர்பனில் மூன்று நான்கு மாதம் தாங்குகிற சீலன்ட், இந்த வறண்ட வெயிலில் ஐந்தாறு வாரத்தில் ரப்பர் தோலாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் டயர் கல்லுமாதிரி நிற்கும். முதல் முள்ளில்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். புறப்படுமுன் வால்வைக் கீழே கொண்டுவந்து, காற்றை இறக்கி, உள்ஊசியைக் கழற்றி, மெல்லிய கேபிள் டை ஒன்றை டயரின் அடிவரை விட்டு எடுங்கள். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது ஈரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வால்வைக் கடிகாரத்தின் 4 மணி நிலைக்குத் திருப்பி, சிரிஞ்சில் 60 மில்லி ஏற்றுங்கள். புதிதாகப் போடுவதானால் சக்கரத்துக்கு 120 மில்லி. பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் நீர்தான் உள்ளே போகும், ஓட்டையை அடைக்கும் துகள் பாட்டிலின் அடியிலேயே தங்கிவிடும். வால்வின் உள்ஊசி அடைத்துக்கொள்வதும் சகஜம். மாற்று ஊசி இரண்டு கையில் இருக்கட்டும்.

நெருஞ்சி, வண்டிகள் ஓடித் தேய்ந்த தடத்தில் அதிகம் கிடக்காது. சாலையோரத்திலும், காற்றாடிப் பம்புகளைச் சுற்றியும், கூடாரம் போட ஆசையாக இருக்கிற தட்டையான இடங்களிலும்தான் கிடக்கும். ஓரம் ஒதுங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போவது நல்லது. குத்திய முள்ளை அப்படியே விட்டாலும் ஓடும். பிடுங்கினால் ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

இன்னொரு எதிரி களிப்பாறை. சிலேட்டு மாதிரி தகடு தகடாக உடைந்து, விளிம்பு பிளேடு போலிருக்கும். அது டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் சீலன்ட் பீச்சியடிக்கும், ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் திரியும் அங்கே நிற்காது. தடித்த ஊசியும் நைலான் நூலும் கொண்டு தைத்து, உள்பக்கம் பழைய டயர்த் துண்டு வைத்து, டியூப் போடவேண்டியதுதான். அதற்குமுன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பருத்தித் துணியை ஓட்டுங்கள். நூல் சிக்குமிடத்தில் ஒரு முள்நுனி நீட்டிக்கொண்டிருக்கும். சீலன்ட் அடைத்து வைத்திருந்ததால் அதுவரை தெரியாமலிருந்த பத்துப் பதினைந்து முள்ளாவது அகப்படும். இதைச் செய்யாமல் டியூப் போட்டு, ஐந்தே நிமிடத்தில் அதுவும் இறங்க, ‘டியூப்லெஸ்ஸே சரியில்லை’ என்பவர்கள் நிறையப் பேர்.

செயினுக்கு எண்ணெய் வேண்டாம். தூசியோடு சேர்ந்து அரைத்த மசாலா மாதிரி ஆகிவிடும். உருக்கிய மெழுகில் முக்கி எடுத்த செயின் இந்த வழி முழுவதும் தாங்குகிறது.

தண்ணீர், சமையலையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். அதுவே 10 கிலோ. மேலே வைத்தால் மணலில் சைக்கிள் சாயும், அதனால் முன் ஃபோர்க்கின் இருபுறமும் தாழ்வாகக் கட்டுவதுதான் சரி. அந்த எம்5 போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுகொள்ளும். போல்ட் கழலாமலிருக்கத் திரெட்லாக்கர் பசை தடவியிருந்தாலும் மாலைதோறும் ஒருமுறை முடுக்குங்கள். பண்ணைகளில் கேட்டால் தண்ணீர் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், சிலருக்கு வயிறும் இளகும். கொதிக்கவைத்தால் உப்பு போகாது, இன்னும் செறியும். அதில் ரசம் வையுங்கள், தனியாக உப்புப் போடவேண்டிய வேலை மிச்சம். குடிக்க ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்தான். வியர்வை அதிகமானால் ஒரு லிட்டரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

விலையுயர்ந்த மடக்குத் தண்ணீர்ப் பைகள் இரண்டாம் பருவத்திலேயே விளிம்பில் கசிந்தன. ஒன்றைத் தரையில் வைத்ததும் நெருஞ்சி குத்தியது. பெட்ரோல் பங்க்கில் வாங்கிய ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.