ரெண்டு கிழமையா, ரெண்டு மாதமா?

2021 இல் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தோம். அலுவலகத்தில் இரண்டு கட்சி. இளம் பெடியள், "ரெண்டு கிழமையில ஒண்டைக் குடுப்பம், பிறகு திருத்துவம்" என்றார்கள். மூத்த அண்ணா ஒருவர் ரெண்டு மாதம் கேட்டார், எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத் தொடங்க.

பெடியள் வென்றார்கள். திரையைப் பார்த்ததும் முதலாளி கேட்டது: "தம்பி, மீற்றரில வெட்டிக் குடுக்கிற துணியை எங்க போடுறது?" நாங்கள் எல்லாவற்றையும் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும்படி வைத்திருந்தோம். நூறு பக்கத் திட்டம் கொடுத்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், வாசித்திருக்க மாட்டார். வேகத்தின் பெரிய லாபம் இதுதான்.

அடி வற் (பெறுமதி சேர்) வரியில் விழுந்தது. அவசரத்தில் அப்போதைய வரி வீதமான 8 என்ற எண்ணை நிரலில் பல இடங்களில் நேரடியாகவே எழுதிவிட்டோம். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு தடவையும் எங்கோ ஓர் இடம் தப்பிவிடும். போதாததற்கு, பழைய பில்லோடு துணி திரும்பி வந்தால் பழைய வீதத்தில்தான் கழிக்க வேண்டும். எங்கள் மென்பொருளோ புது வீதத்தில் கழித்தது. வீதத்தையும் அது தொடங்கும் திகதியையும் தனி அட்டவணையில் வைப்பது அரை நாள் வேலை. அண்ணா அதைத்தான் முதலே கேட்டிருந்தார்.

2001 இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் (சிறிது சிறிதாகச் செய்து காட்டித் திருத்தும் முறை) அறிக்கையைப் பெடியள் அடிக்கடி இழுப்பார்கள். திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை அது மேலாக வைக்கிறது, சரி. ஆனால் திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதிலேயே இருக்கிறது. அந்த வரி மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது!

அதற்காக அண்ணா கட்சிக்கு முழு மார்க் கொடுக்கவும் முடியாது. அவர் தனியாக நடத்திய களஞ்சிய மென்பொருள் வேலையில் எல்லாவற்றையும் எழுதி முடித்து, மூன்று மனேஜர்மாரிடம் கையெழுத்து வாங்கி, 2022 மார்ச் கடைசியில் காட்டப் போனார். அந்த வாரம் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவருடைய ஆவணத்திலும் ஒரு வரி இல்லை.

இப்போது நான் திரையையும் பொத்தானையும் பெடியளிடமே விட்டுவிடுகிறேன். பிழைத்தால் அடுத்த நாளே மாற்றலாம். வரி, இருப்பு, கடன் கணக்கு என்றால் மட்டும் அண்ணாவைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பலகைக்கு முன்னால் இருந்து கதைப்போம். துணிக்கடை முதலாளி எந்தக் கட்சியையும் நம்புவதில்லை. காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் இன்னும் இருக்கிறது.